காற்றுப் புகாத கலம்

அந்த ராக்கெட்டின் காலி எடை நாலு டன், ஏற்றும் பாரம் பதினாறு டன் என்று அதன் இடுப்பில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. பின்பக்கம், நெருப்பு வரவேண்டிய இடத்துக்கு மேலே, ‘ஒலி எழுப்பவும்’ என்று இருந்தது. அதைக் கட்டிய முதலாளி லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். லாரியில் எழுதுவதையெல்லாம் எழுதாவிட்டால் அவருக்குக் கை ஓயாது போலிருக்கிறது. சந்திரனுக்குப் போகிற வண்டிக்குப் பின்னால் யார் வந்து ஹாரன் அடிக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “இருக்கட்டும்மா, சேஃப்டிக்கு” என்றார்.

எழுபதுகளின் கடைசியில், கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் போட்ட ஒரு பொருட்காட்சியில் நின்ற ராக்கெட் அது. அந்த வருஷம்தான் வானத்திலிருந்து என்னவோ ஒன்று உடைந்து விழப்போகிறது என்று ஊர் ஊராகப் பயந்து கிடந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வளர்த்த கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். மறுநாள் ஒன்றும் விழவில்லை. கோழிகள் போனதுதான் மிச்சம். அந்தப் பயம் முழுசாக ஆறுவதற்குள் அதை வியாபாரமாக்கிவிட்டார் ராக்கெட் முதலாளி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முதல் வேலை கொடுத்தவர்.

எனக்கு மைக்கில் பேசுகிற வேலை. பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுப்போட்டிகளில் வாங்கிய டம்ளர்களும் கிண்ணங்களும் அலமாரியில் இருந்தன. யாரோ சொல்லி முதலாளி வீடு தேடி வந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல் வேண்டும் என்றார். அப்பா கீழ்பென்னாத்தூரில் நிலத்தோடு இருந்தார், அவரைக் கேட்க நேரமில்லை. அம்மாவும் நானும்தான் என் படிப்புக்காக டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. வயசுப் பெண்ணின் குரல் மைதானம் முழுக்கக் கேட்பதா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்ற. மைக்லயாவது பேசு” என்று விட்டுவிட்டாள்.

அம்மாவைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிக்கும். பேச்சு பாதியில் நிற்கும். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுப்பாள். பக்கத்துப் பாயில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். சத்தம் வந்தால் பயம், நின்றுவிட்டால் அதைவிடப் பயம். பேய், பாம்பு, பரீட்சை என்று மற்றப் பெண்கள் பயந்த எதற்கும் நான் பயந்ததில்லை. என் பயம் மொத்தமும் அந்த ஒரு மூச்சின் மேல்தான் இருந்தது.

ராக்கெட் நிஜத்தில் என்ன என்றால், சவுக்குக் கால்கள் மேல் லாரியின் வில் பட்டைகளை வைத்து, அதன் மேல் பலகையும் தகரமும் அடித்து, வெள்ளிப் பெயிண்ட் பூசிப் படுக்கவைத்த ஒரு நீளமான பெட்டி. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. மரப்படி வழியாக ஏறி உள்ளே போனால் இரண்டு வரிசை பெஞ்சு, ஒரு சிவப்பு பல்பு. கதவைச் சாத்தியதும் கீழே நாலு பேர் கயிறு போட்டு ஆட்டுவார்கள். சைரன் ஊதும். முன்னால் ஒரு வட்டக் கண்ணாடியில் சந்திரன் கிட்டே கிட்டே வரும். அதுவும் ஒருத்தன் பின்னால் நின்று தள்ளுகிற படம்தான்.

கதை முதலாளியுடையது. சந்திரனில் ஒரு கலம் பழுதாகி நிற்கிறது. அதில் மாட்டிக்கொண்டவர்களைக் கொண்டுவர நம்முடைய மீட்புக் கலம் கிளம்புகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான் மீட்புப் படை. ஒவ்வோர் ஊரிலும் கலத்துக்கு ஒரு பெயர். எங்கள் ஊரில் அது ‘அருணை ஒன்று’. அந்த எழுத்துக்கு அடியில் முந்தின ஊரின் பெயர் லேசாகத் தெரியும்.

எடையும் வேகமும் முடிவு செய்வது முதலாளிதான். மணிக்கு இருபத்தைந்தாயிரம் மைல் என்பார், மறுநாள் முப்பதாயிரம் ஆக்கிவிடுவார். ஏன் ஜாஸ்தி பண்ணினீர்கள் என்று கேட்டால், ராத்திரி இன்ஜினை டியூன் பண்ணினேன் என்று சிரிக்காமல் சொல்வார். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம் வேறு. ஏதோ பிஸ்கட் டப்பாவில் ‘காற்றுப் புகாதது’ என்று படித்திருக்கிறார். ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய சிறப்பு கிடையாது என்று மனசில் பதிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் இப்படிச் சொல்ல வேண்டும்: “அருணை ஒன்று முற்றிலும் காற்றுப் புகாதது. வெளிக்காற்று ஊசிமுனை அளவும் உள்ளே வராது. உள்ளிருக்கும் பிராணவாயு பத்து நிமிடங்களுக்கு மட்டுமே போதுமானது. அதற்குள் மீட்பை முடித்தாக வேண்டும்.”

பிராணவாயு என்கிற இடத்தில் என் குரல் தானாகவே தாழும். முதலாளி அதை நடிப்பு என்று நினைத்து எல்லோரிடமும் மெச்சினார். நடிப்பெல்லாம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டமோ அத்தனை முறை அந்தச் சொல்லில் அம்மா ஞாபகம் வரும்.

தேர் ஓடி நிலைக்கு வந்த மறுநாள் காலையிலிருந்தே தூறல். சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்துக்கு மழை வலுத்தது. மழைக்கு ஒதுங்கவே ராக்கெட்டுக்குக் கூட்டம் வந்தது. நான் ராக்கெட்டுக்கு எதிரே, தகரம் போட்ட மைக் கூண்டில் இருந்தேன். அறிவிப்பு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அம்மா வருவது தெரிந்தது. கையில் எனக்காக ஒரு குடை. முதலாளி அவளைப் பார்த்துவிட்டார். மழையில் நிற்காதீங்கம்மா, ஒரு ரவுண்டு பார்த்துட்டு வாங்க என்று அவர் கூப்பிடுவதும், அம்மா வேண்டாம் என்று தலையாட்டுவதும், பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறுவதும் எல்லாமே எனக்குத் தெரிந்தது. வாயில் இருந்தது இருபத்தைந்தாயிரம் மைல். நிறுத்தி, அம்மா வேண்டாம் இறங்கு என்று மைக்கில் சொல்லவா முடியும்? கதவைச் சாத்தினார்கள்.

சைரன் ஊதியது. ஆட்ட ஆரம்பித்தார்கள். காற்றுப் புகாததும் பத்து நிமிடமும் சொல்லி முடித்தேன். அப்போது மின்சாரம் போனது.

மைதானமே இருண்டது. சைரன் இழுத்துக்கொண்டே போய் அடங்கியது. என் மைக் மட்டும் கார் பேட்டரியில் ஓடியதால் உயிரோடு இருந்தது. நாலு பேரும் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டார்கள். ஊறிப்போன மண்ணில் பின்பக்கத்துக் கால் ஒன்று மெதுவாக உள்ளே இறங்கியது. ராக்கெட் அந்தப் பக்கம் சாய்ந்தது. மரப்படி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. ஒருத்தன் இன்னொருத்தன் தோளில் ஏறிக் கதவை இழுத்துப் பார்த்தான். மழைக்கு ஊதிப்போன பலகை, சட்டமும் முறுக்கிக்கொண்டுவிட்டது. அசையவில்லை.

உள்ளே முதலில் சிரித்தார்கள். ஆட்டத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்கள். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், காத்து தீந்துடும், காத்து தீந்துடும் என்று அலற ஆரம்பித்தது. எல்லோரும் கதவுப் பக்கம் பாய்ந்தார்கள். அவர்கள் பாய்கிற ஒவ்வொரு முறையும் பெட்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அடியில் சவுக்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பெட்டி விழுந்துவிடும் என்றுகூட நான் நினைக்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். இருட்டு, ஈரம், நெருக்கித் தள்ளும் ஆட்கள். இவ்வளவுக்கும் மேலே, காற்று பத்து நிமிடத்துக்குத்தான் என்று அவள் காதில் ஓதியது அவள் பெற்ற மகளின் குரல். இளைப்புக்காரிக்குப் பயம் ஒன்று போதும், மூச்சு நிற்பதற்கு.

தீயணைப்பு வண்டிக்கு ஆள் ஓடினார்கள். தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம், எப்போது வருமோ தெரியாது. முதலாளி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, பயப்படாதீங்க பயப்படாதீங்க என்று கத்தினார். அவர் குரலே உடைந்திருந்தது. உள்ளே சத்தம் இரண்டு மடங்கானது. நான் மைக்கைத் திரும்ப வாங்கினேன். மரியாதையாக வாங்கவில்லை, பிடுங்கினேன்.

“அதெல்லாம் சும்மா சொன்னதுங்க. வெறும் பலகைப் பொட்டிங்க அது. காத்து நல்லா வரும்” என்றேன்.

உள்ளேயிருந்து ஓர் ஆம்பளைக் குரல் கத்தியது: “இவ்ளோ நேரம் சொன்னது பொய்யா? இப்ப சொல்றதுதான்மா பொய்!”

அந்த ஆள் மேல் வந்த கோபத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் பேசுகிற குரலில் உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. சரி, நம்புகிற குரலிலேயே சொல்கிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். பேச்சுப்போட்டிக் குரலை எடுத்தேன்.

“அருணை ஒன்றின் பயணிகள் கவனிக்கவும். கலத்தில் அவசரப் பிராணவாயு தொட்டி இரண்டு உண்டு. அவை பெஞ்சுகளின் அடியில் உள்ளன. பயணிகள் தம் இடத்தில் அமர்ந்திருந்தால் மட்டுமே அவை திறக்கும். அமர்ந்த நிலையில் காற்று விடியும்வரை வரும். நின்றால் வராது.”

கூட்டத்தில் யாரோ ஓடிவந்து, தேருக்குக் கட்டை போடுகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். தேர் சாயாமலும் பிய்த்துக்கொண்டு ஓடாமலும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிற ஆட்கள். அதைக் கேட்டதும் எனக்கு வார்த்தை மேலே மேலே வந்தது.

“மீட்பு வண்டி, அருணை இரண்டு, தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. எந்தச் சாய்மானத்தையும் தாங்கி நிறுத்தும் கருவிகள் அதில் உள்ளன. மழையாலும் இருட்டாலும் அதன் வேகம் குறையாது.”

உள்ளே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. உட்காருகிறார்கள் என்று புரிந்தது. பெட்டியின் ஆட்டம் நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த அமைதியில் அம்மாவின் மூச்சு கேட்குமோ, கேட்காதோ என்று பயமாக இருந்தது. அருணை இரண்டுக்கு எடை சொன்னேன், இன்ஜின் சொன்னேன், இல்லாத பொத்தான்களுக்கெல்லாம் நிறம் சொன்னேன். வாய் அது பாட்டுக்கு ஓடியது, கண்ணில் தண்ணீரும் அது பாட்டுக்கு வழிந்தது.

அருணை இரண்டு வந்தது. தெருவிளக்கு மாட்டுவதற்கான உயரமான ஏணி பூட்டிய தள்ளுவண்டி. ஒரு சக்கரம் கோணல். மேலே முட்டுக்கட்டைகளை அடுக்கி, ஆறேழு பேர் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இறங்கிய காலின் பக்கத்தில் கட்டைகளைச் செருகி, மேலும் மேலும் அடித்து இறுக்கினார்கள். ராக்கெட் ஒரு முனகலோடு நின்றது. ஏணியைச் சாய்த்து ஒருவர் ஏறிக் கடப்பாரையால் கதவை நெம்பினார்.

ஒவ்வொருவராக இறக்கினார்கள். குழந்தையோடு ஒருத்தி, நடுங்கிக்கொண்டு ஒரு புது மாப்பிள்ளை, அவன் கையைப் பிடித்தபடி அவன் பெண்டாட்டி. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். ஒவ்வொரு தலை வெளியே வரும்போதும் அம்மா என்று நினைத்தேன், இல்லை. கடைசியில்தான் வந்தாள். நெஞ்சு சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. ஏணி வண்டியின் விளிம்பில் உட்காரவைத்தேன். முழங்காலில் கையை ஊன்றி இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த வண்டியைத் தடவிப் பார்த்தாள்.

“இதாடி அது?”

“ம்.”

“ஸ்பீடு ஜாஸ்தின்னு சொன்ன.”

அம்மாவோடு உள்ளே இருந்த ஒரு பூக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் உட்கார்ந்தது என் அம்மாதானாம். மைக்கில் பேசுவது என் பெண், அவள் கணக்கு தப்பாது, எல்லோரும் உட்காருங்கள் என்று, வராத மூச்சில் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக உட்கார வைத்தாளாம். பூக்காரம்மா என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார். எனக்குப் பயம்தான் வந்தது. அரைமூச்சில் கிடந்தபோதும் என் வாயில் வந்ததையெல்லாம் அப்படியே நம்புகிற ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பயம் ராக்கெட் பயத்தைவிட நீண்ட நாள் என்னோடு இருந்தது. அதன் பிறகு அம்மாவிடம் மருந்தைப் பற்றியோ டாக்டர் சொன்னதைப் பற்றியோ பேசும்போது ஒரு சொல்லைக்கூட யோசிக்காமல் விட்டதில்லை.

பொருட்காட்சி கிளம்பிப் போனது. எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சில வருஷங்கள் ஓடின. எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலையில் அம்மாவுக்கு இளைப்பு என்றைக்கும் இல்லாத அளவுக்கு வந்தது. உதடு நீலம் பூத்தது. ஊசி போட்டும் கேட்கவில்லை. உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். கிடைத்தது கடலை மூட்டை ஏற்றுகிற ஒரு வேன். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால், காலிச் சாக்குகளின் மேல், அம்மாவை என் நெஞ்சில் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டேன்.

போளூர் தாண்டிவிட்டோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் தூக்கிப்போட்டது. அவளுடைய மூச்சு என் கைக்குள் வந்து வந்து போனது. அடுத்தது வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லு” என்றாள் அம்மா.

“என்னம்மா?”

“வண்டி. எவ்ளோ ஸ்பீடு. எவ்ளோ காத்து. மைக்ல சொன்ன மாதிரி சொல்லு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “வேணாம்மா. அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். துண்டு துண்டாகத்தான் பேச முடிந்தது.

“தெரியும்டி. பலகை சந்துல மழை ஒழுவினு இருந்துச்சி. என் தலைமேலயே. தண்ணி வர்ற எடத்துல காத்து வராதா?”

“அப்புறம் ஏம்மா எல்லாரையும் உக்கார வெச்ச?”

“நீ பயந்துனு இருந்த. குரல்லயே தெரிஞ்சிது. இதுங்க கத்துனா உனக்கு இன்னும் பயம் ஜாஸ்தியாவும்.” மறுபடி மூச்சை இழுத்தாள். “இப்பவும் பயப்படற. அதான் சொல்லச் சொல்றன்.”

வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். குரல் நடுங்கத்தான் செய்தது. இந்தக் கலத்தின் பெயர் அருணை மூன்று என்றேன். காலி எடை சொன்னேன், பாரம் சொன்னேன். நாலு பக்கமும் சந்து இருப்பதால் காற்று எவ்வளவு வேண்டுமானாலும் வரும், தீராது என்றேன். அம்மா என் நெஞ்சில் சாய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். கண்ணமங்கலத்தில் ரயில்வே கேட்டு மூடியிருந்தபோது, அதன் வழியாகப் போகிற ரயிலுக்கும் எடை சொன்னேன். வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்று, ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தபோது நான் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கும் அவள் ம் என்றாள்.